பேரிடரும் தலைமையும்: திறப்பு யார் கையில்?

தலைமைத்துவம் என்னும் சொல் எமது பல்கலைக்கழகங்களிலே இன்று பெருவழக்காகிவிட்டது. ஒரு காலத்தில் மாணாக்கர் மன்றங்களின் அறிக்கைகளிலே அமைப்பு, போராட்டம், பொறுப்பு என்னும் சொற்கள் பயின்றுவந்த இடங்களிலெல்லாம் இப்பொழுது இவ்வொரு சொல்லே குடியேறியிருக்கின்றது. அதற்கெனப் பயிற்சி முகாம்கள் நடைபெறுகின்றன, சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன, அச்சான்றிதழைப் பெற்றோரே அடுத்த முகாமிற் பயிற்றுநராக வந்து நிற்கின்றனர். இவற்றால் எவருக்கும் பெருங்கேடு விளையப்போவதில்லை என்றெண்ணி நானும் நெடுங்காலம் வாளாவிருந்தேன்.

அண்மையில் அத்தகைய கருத்தரங்கொன்றிலே ‘பேரிடர் கற்பித்த தலைமைத்துவப் பாடங்கள்’ என்னும் பொருள்பற்றி அரைமணி நேரம் பேசுமாறு கேட்கப்பட்டேன். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கிழக்குக் கரையிலிருந்து கண்டு உயிர் தப்பியவன் என்பதே எனக்கிருந்த தகுதி. எனக்கு முன்னர்ப் பேசிய அறிஞர் மிக்க நாவன்மை உடையவர். நெருக்கடியின் நடுவிலேதான் தலைவன் பிறக்கிறான் என்றார். அஞ்சாமை, தொலைநோக்கு, விரைந்து முடிவெடுத்தல், பிறரை ஊக்குவித்தல் ஆகிய பண்புகளைத் திரையிலே ஒவ்வொன்றாக ஒளிரச் செய்தார். பேரிடரை ஒரு வாய்ப்பாகக் கருதுங்கள் என்று மாணாக்கருக்கு அறிவுரை கூறி அமர்ந்தார். மண்டபம் அதிரக் கைதட்டிற்று. என் முறை வந்தபோது நான் சொல்லத் தொடங்கியதைச் சொல்லி முடிப்பதற்குள் தலைவர் மணியை அடித்துவிட்டார். அன்று எஞ்சி நின்றதே இக்கட்டுரை.

நெருக்கடி தலைவனைப் பிறப்பிக்கின்றது என்னும் கூற்றுப் பொய்யானது; பொய்யாதலோடு தீங்கானதுமாகும் என்பதே என் வாதம். பேரிடர் எவரையும் பிறப்பிப்பதில்லை. எந்தக் கதவு பூட்டப்பட்டிருந்தது, அதன் திறப்பு யாரிடம் இருந்தது, அவர் எங்கே இருந்தார் என்பவற்றையே அது வெளிப்படுத்துகின்றது. இதனை உவமையாகக் கூறுகிறேன் என எவரும் கருதவேண்டாம்.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபொழுது எனக்கு வயது பதினொன்று. எமது ஊர் கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடந்த ஒரு மணற்றிட்டு. வீடுகளிற் பெரும்பாலானவை கிடுகு வேய்ந்தவை. சில ஓட்டு வீடுகள். கொங்கிறீற்றுக் கூரையுடைய கட்டடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சங்கக் கடையின் களஞ்சியம். பொழுதுபட்டபின் வலுத்த காற்று இரவு ஏறும்போது வீடுகளைப் பிய்த்தெறியத் தொடங்கவே, ஊரில் ஒரு பகுதியினர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு அக்களஞ்சியத்தின் விறாந்தையை வந்தடைந்தோம். கதவிலே பெரிய பூட்டுத் தொங்கிற்று. திறப்பு முகாமையாளரிடம், முகாமையாளரோ பட்டணத்திலே தம் வீட்டில் இருந்தார். அதற்காக அவரை நான் குறைகூறமாட்டேன். மாலை ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டித் திறப்பை எடுத்துச் செல்லுமாறு அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. அவர் விதியின்படியே நடந்தார்.

அந்த விறாந்தையிலே ஊரின் பெரிய மனிதர் பலர் நின்றனர். கிராமசபையில் அங்கம் வகித்தவர் ஒருவர் நின்றார்; ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நின்றார்; கோயில் வண்ணக்கர் நின்றார். பூட்டை உடைக்கலாமா என்னும் விவாதம் காற்றின் இரைச்சலுக்கு மேலாக நடந்தது. அரசாங்கச் சொத்து என்றார் ஒருவர். உள்ளே அரிசியும் சீனியும் இருக்கின்றன, நாளைக்குக் கணக்குக் குறைந்தால் யார் மறுமொழி சொல்வது என்றார் மற்றவர். இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம் என்பதே முடிவாயிற்று. அவ்வாறு பொறுத்துப் பார்த்த வேளையிலேதான் பக்கத்திலே நின்ற தென்னை முறிந்து விறாந்தையின் தகரத் தாழ்வாரத்தின்மேல் விழுந்தது. இருவர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் என் தந்தையின் தங்கை. என்னைத் தன் சேலைத் தலைப்பினுள் மூடி வைத்திருந்தவர் அவர்.

பூட்டை உடைத்தவர் ஒரு பெண். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்த கைம்பெண். எங்கிருந்தோ ஓர் அலவாங்கைத் தேடிக்கொண்டு வந்து, எவரையும் கேளாது, நான்கைந்து முறை நெம்பினார். எல்லோரும் உள்ளே புகுந்தோம்.

நடுச்சாமத்தின்போது காற்றுத் திடீரென அடங்கிற்று. மேகம் விலகி நட்சத்திரங்கூடத் தெரிந்ததாக நினைவு. இளைஞர் சிலர் தம் வீட்டையும் மாட்டையும் பார்த்துவர வெளியே இறங்கினர். அப்பொழுது வாசலிலே குறுக்கே நின்றவர் ஒரு கிழவர். தோணி தள்ளிப் பிழைத்தவர். “ஒருத்தரும் போகாதிங்க. இது முடியல்ல. இனி மற்றப் பக்கத்தால வரும், இதைவிடப் பெலனா வரும். எங்கட அம்மா சொன்னவ” என்று கத்தினார். 1907ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே மட்டக்களப்பைத் தாக்கிய புயலைக் கண்டவள் அவருடைய தாய். சூறாவளியின் கண் கடந்துசெல்லும்போது காற்று அடங்குவதும், பின்னர் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அறைவதும் வானிலையியலின் பாலபாடம். அப்பாடத்தை எமது ஊரில் அறிந்திருந்தவர் எழுத்தறியாத அம்முதியவர் ஒருவரே. இளைஞருள் இருவர் அவருடைய கையைத் தட்டிவிட்டுப் போயினர். எஞ்சியோர் நின்றனர். அவ்விருவரில் ஒருவர் திரும்பி வரவில்லை.

அச்சூறாவளியில் இலங்கையில் இறந்தோர் தொகை தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டது. தென்னந்தோட்டங்கள் தறையோடு தறையாயின; மீன்பிடி வள்ளங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்தன. இவை யாவும் ஏடுகளில் உள்ளன. ஏடுகளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று மாதங்களின் பின் எமது ஊருக்கு ஒரு விசாரணை வந்தது. களஞ்சியத்தின் பூட்டு உடைக்கப்பட்டமையும் மூன்று மூடை சீனி நனைந்து பழுதடைந்தமையும் பற்றியதே அவ்விசாரணை. இடியப்பம் விற்ற அப்பெண் இருமுறை அழைக்கப்பட்டு வாக்குமூலம் கொடுத்தார். ஊரில் இருந்த ஒரே வலுவான கட்டடத்தின் திறப்பு ஏன் ஊரில் இருக்கவில்லை என்று அவ்விசாரணையில் எவரும் எவரையும் வினவவில்லை.

தலைமைத்துவப் பயிற்றுநர்கள் இக்கதையைக் கேட்டால் உடனே அப்பெண்ணைத் தலைவியாக முடிசூட்டித் திரையிலே காட்டுவர் என்பதை நான் அறிவேன். துணிவு என்னும் தலைப்பின்கீழ் அவர் இடம்பெறுவார். இங்கேதான் நான் அவர்களோடு முரண்படுகிறேன். அப்பெண்ணின் துணிவைப் போற்றுவது எளிது. ஆயின் திறப்பு ஊரிலே இருந்திருப்பின் அவர் துணியவேண்டிய தேவையே எழுந்திராது; என் மாமியும் இறந்திருக்கமாட்டார். தனிமனிதரின் வீரத்தைப் புகழ்வதன் மூலம் அமைப்பின் குற்றத்தை மறைத்துவிடுவது ஆளும் வர்க்கத்தினருக்கு என்றும் இலாபமான காரியமாகவே இருந்துவந்துள்ளது. வீரர் மிகுந்த ஊர் என்பது பெரும்பாலும் நிருவாகம் கைவிட்ட ஊர்.

எம்மவரின் இலக்கிய நினைவிலேயே இக்குறை ஊறிக்கிடக்கின்றது எனலாம். கடல்கோள் என்பது தமிழர் அறியாத சொல்லன்று. இறையனார் களவியலுரை மூன்று சங்கங்களின் வரலாற்றைக் கூறுமிடத்துக் கடல்கொண்ட மதுரையைக் குறிப்பிடுகின்றது. எத்தனை புலவர் வீற்றிருந்தனர், எத்தனை அரசர் சங்கம் இரீஇயினர் என்றெல்லாம் எண்ணிக்கை தருகின்றது. அக்கடலிலே மாண்ட வலைஞர் எத்தனைபேர், உழவர் எத்தனைபேர் என்பதுபற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கடல் மீண்டும் எழுந்தால் எத்திசையில் ஓடவேண்டும் என்பதும் இல்லை. நாம் கடல்கோளைப் பெருமைக்குரிய பழைமையின் சான்றாக வைத்துக்கொண்டோமேயன்றி எச்சரிக்கையாகப் பேணவில்லை. ஆகவேதான் 2004ஆம் ஆண்டில் அது மறுபடியும் வந்தபோது, அதற்குப் பெயரிடவே எமக்குச் சில நாட்கள் பிடித்தன.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு எம் கண்முன் உள்ளது. சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907ஆம் ஆண்டிலே, மட்டக்களப்பைப் புயல் தாக்கிய அதே ஆண்டிலே, அத்தீவைப் பேரலை ஒன்று அழித்தது. அங்குள்ளோர் அதற்கு ‘சிமோங்’ என்று பெயரிட்டு, நிலம் வலுவாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் எதனையும் எடாது மலைக்கு ஓடு என்னும் செய்தியைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். 2004 டிசம்பர் 26ஆந் திகதி நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் இருந்த நிலப்பகுதிகளுள் ஒன்று அத்தீவு. அலை நிமிடக் கணக்கில் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தோர் ஏழுபேர். அன்று அங்கே எந்தத் தலைவரும் கட்டளையிடவில்லை. கட்டளையிட நேரமும் இருக்கவில்லை. எமது கரையில் நிலநடுக்கம் அவ்வாறு வலுவாக உணரப்படவில்லை என்பதால் இவ்வொப்பீடு முழுமையானதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எனினும் ஓடும் உரிமை ஒவ்வொருவர் கையிலும் இருந்த ஊர் அது என்பதை எவரும் மறுக்கவியலாது.

எமது தீவில் நடந்ததென்ன? நிலம் நடுங்கியது எமது நேரப்படி காலை ஏறத்தாழ 7 மணிக்கு. அலை கிழக்குக் கரையை வந்தடைந்தது 8.30 மணியை அடுத்து. தென்மேற்குக் கரையிலே பெரலியவில் மாத்தறை செல்லும் புகையிரதம் அலையில் அகப்பட்டுக் கவிழ்ந்தது 9.30 மணியளவில். அப்புகையிரதத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அயல்நாட்டு ஆய்வு நிலையங்கள் எமக்கு அறிவிக்கவில்லை என்பது பலராலும் பேசப்படுவது. அன்று இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறையொன்று இருக்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் கிழக்கிலே ஊர்கள் ஊர்களாகக் கடலில் மூழ்கியதற்கும் பெரலியவுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு மணிநேரம் இருந்தது. அந்த ஒரு மணிநேரத்திலே இத்தீவு தன் சொந்தச் செய்தியைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள இயலாதிருந்தது. கல்முனையில் ஒரு மீனவர் கண்டதைக் காலியில் ஓர் அதிகாரி நம்பிச் செயற்படுவதற்கான வழி எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. கண்டவருக்குச் சொல்லும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் எதனையும் காணவில்லை. போயா தினமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்த விடுமுறை நாள் அது என்பதையும் சேர்த்துக்கொள்க.

இனி என்னைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டியுள்ளது. இதுவரை பிறரைக் குற்றஞ்சாட்டியவன் தன்னை விலக்கிக்கொள்ளுதல் முறையன்று.

ஆழிப்பேரலைக்குப் பின் எமது ஊரவர் தங்கியது ஒரு பாடசாலையில். நானும் அங்கே இருந்தேன். விரிவுரையாளன் என்பதால் மதிக்கப்பட்டேன். முதல் மூன்று நாட்களும் அந்த முகாமை நடத்தியவர் பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர், இருபத்துநான்கு வயதிருக்கலாம். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. வகுப்பறை வகுப்பறையாகச் சென்று ஒவ்வொரு குடும்பத்தையும் அதிற் பதிந்திருந்தார். யாருக்கு யார் இல்லை, எந்தப் பிள்ளை யாருடன் நிற்கிறது, யாருக்கு நீரிழிவு, எந்தப் பெண்ணுக்கு எத்தனையாம் மாதம், யாருக்கு மாற்று உடை இல்லை என்பன எல்லாம் அதில் இருந்தன. தண்ணீர் அக்கொப்பியின்படியே பகிரப்பட்டது. சண்டை வரவில்லை.

நான்காம் நாள் பார ஊர்திகள் வரத்தொடங்கின. பதாகைகளுடன் வந்தனர், படம் பிடித்தனர், ‘முகாமின் தலைவர் யார்?’ என்று கேட்டனர். அவ்வினா எழுந்த கணத்திலேயே அந்த ஆசிரியை மறைந்துபோனார். பிற்பகலில் ஒரு குழு தெரிவாயிற்று: தலைவர் ஒரு வர்த்தகர்; பொருளாளர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்; செயலாளர் நான். உறுப்பினர் யாவரும் ஆண்கள். அந்த ஆசிரியையிடம் கொப்பியை வாங்கி, வந்தவர்கள் தந்த படிவத்திலே நானே பிரதிசெய்தேன். அப்படிவத்தில் குடும்பத் தலைவரின் பெயருக்கும் அங்கத்தவர் தொகைக்கும் தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்கும் நிரல்கள் இருந்தன. கர்ப்பிணிக்கு நிரல் இருக்கவில்லை. ஆகவே நான் அதனை எழுதவில்லை. கொப்பியைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்தேன். அது ஏதோ ஒரு கோப்பினுள் போயிற்று. அதன்பின் அவர் எமது கூட்டங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார்.

இரண்டாம் வாரத்தில் ஓரிரவு, பின்கட்டிடத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குக் காலத்துக்கு முன்னரே நோவு கண்டது. முகாமிலே ஊர்தி நின்றது. அதன் சாரதி எங்கே படுத்திருக்கிறார் என்பதையும் திறப்பு அவரிடமா தலைவரிடமா என்பதையும் அறிய ஒரு மணிநேரத்துக்கு மேல் சென்றது. தாய் பிழைத்தாள். அவளுடைய பெயருக்கு எதிரே ‘ஏழாம் மாதம், முன்னும் ஒன்று தவறியது, கவனம்’ என்று அந்தக் கொப்பியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் விட்டுவிட்டேன். இதனை நான் இருபதாண்டுகளாக எவரிடமும் சொன்னதில்லை.

அம்பாறை மாவட்ட முகாம்களிலே பின்னர் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இறந்தோருள் பெண்களும் சிறுவரும் விகிதத்தில் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. நீந்தப் பழக்காமை, நீளுடை, பிள்ளையைக் கையில் ஏந்தியிருந்தமை எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. இறப்பில் மிகுந்திருந்தவர்கள் மீட்சிக் குழுக்களில் எத்தனைபேர் இருந்தனர் என்பதை நாம் அன்று எண்ணிப்பார்க்கவில்லை.

எமது முகாமில் நடந்தது நாட்டிலே பேருருவில் நடந்தது. கரையோரத்திலே மீளக் குடியேறத் தடைசெய்யும் வலயம் ஒன்று கொழும்பிலே வரையப்பட்டது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். வள்ளத்தைக் கரையில் விட்டு அரைக்கட்டை தூரத்திலே படுத்துறங்கும் மீனவன் எங்ஙனம் தொழில்செய்வான் என்று அவனைக் கேட்டு அக்கோடு வரையப்படவில்லை. உல்லாச விடுதிகள் திருத்தப்பட இடமிருந்தது, வாடிகளுக்கு இடமில்லை. ஓராண்டளவில் அக்கோடு தளர்த்தப்பட்டது. அதுவரை மக்கள் தகரக் கொட்டில்களில் வெந்தனர். வேறு சில இடங்களிலே இழந்த தொகைக்கு மேலாகச் சிறு வள்ளங்கள் வழங்கப்பட்டன. கொடுப்போர் கணக்குக் காட்ட வள்ளம் வசதியானது.

2005 ஜூன் 24ஆந் திகதி அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீட்சிப் பணிகளுக்கான பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஜூலை 15ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பிரிவுகளை இடைநிறுத்திற்று. அதனை எதிர்த்தோரின் இனவாதத்தைப்பற்றி எம்மிடையே நிறையப் பேசப்பட்டுள்ளது, பேசப்படவும் வேண்டும். பேசப்படாத ஒன்று உண்டு. நாட்டிலேயே மிகுதியானோர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்; அங்கே இறந்தோரில் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். அவ்வுடன்படிக்கையில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவரும் ஒப்பமிடவில்லை. இரு தரப்பினரும் திறப்பைத் தம் மடியில் வைத்திருக்கவே விரும்பினர். அதனை அன்று எழுதிய தமிழ்ப் பேனாக்கள் மிகச்சில. என்னுடையது அவற்றுள் ஒன்றன்று.

மலையகத்தை நோக்குவோம். 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் அவர்கள் போகவில்லையே என்று கேட்டோர் பலர், எமது பல்கலைக்கழக ஆசிரியர் அறையிலும். எங்கே போவது? லயக் காம்பிரா அவர்களுடையதன்று. அது நிற்கும் நிலமும் அவர்களுடையதன்று. வேறிடத்தில் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி ‘இது உனது’ என்று எவரும் கொடுக்கவில்லை. போக இடமில்லாதவனுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை, விடுப்பவனைக் காப்பாற்றுமேயன்றிக் கேட்பவனைக் காப்பாற்றாது. மண்ணினுள் புதைந்தோர் எத்தனைபேர் என்பதுகூட முதல் நாட்களில் எவருக்கும் தெரியவில்லை. முந்நூறு என்றனர், பின்னர் நூறு என்றனர், பின்னர் அதனிலும் குறைத்தனர். தேயிலைக் கொழுந்தின் நிறையை நாள்தோறும் பதிந்துவைத்திருக்கும் தோட்ட அமைப்பிலே, உறங்கும் மனிதரின் தொகையை உடனே சொல்ல ஓர் ஏடு இருக்கவில்லை.

இவ்வாறெல்லாம் கூறுமிடத்து, மத்திய அதிகாரமே வேண்டாம் என்கிறீரா, ஆளுக்கொருவர் அலவாங்கைத் தூக்கினால் குழப்பமே மிஞ்சும் அன்றோ என்னும் மறுப்பு எழும். கருத்தரங்கிலும் ஒருவர் இதனைக் கேட்டார். நியாயமான வினா. சூறாவளி வருவதை ஊர்க் கிழவர் முன்கூட்டிச் சொல்லவியலாது. அதற்குச் செயற்கைக்கோளும் வானிலை நிலையமும் வேண்டும். பார ஊர்தியும் உலங்கு வானூர்தியும் ஊரில் இரா. மத்திய அமைப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எதனைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, எதனைக் கீழே கொடுத்துவிடுகிறது என்பதே வினா.

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பர் 12ஆந் திகதி, அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்திலே, போலா புயலில் மூன்று இலட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர். புயல் வருவது முற்றிலும் அறியப்படாததன்று. செய்தி கரையோரக் குடிசைகளைப் போய்ச் சேரவில்லை. அதன்பின் அரசும் செம்பிறைச் சங்கமும் இணைந்து புயல் தயார்நிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஊருக்கு ஊர் தொண்டர். அவர்கள் கையில் ஒலிபெருக்கியும் கொடியும் கையாற் சுழற்றும் ஊதொலியும். தலைநகரிலிருந்து சமிக்ஞை வந்தவுடன் கதவு கதவாகத் தட்டுவது அவர்களுடைய வேலை. அதற்குப் பிறகும் 1991ஆம் ஆண்டுப் புயலில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர், தங்குமிடங்கள் போதவில்லை. தங்குமிடங்களைப் பெருக்கினர், தொண்டரிற் பெண்களைச் சேர்த்தனர். பெண் வந்து தட்டினாற்றான் பெண் கதவைத் திறந்து வெளியேறுவாள் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தனர். இன்று அத்தொண்டர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களிற் பாதியளவினர் பெண்கள். 2007ஆம் ஆண்டுச் சித்தர் புயலில் இறந்தோர் சில ஆயிரம். 2020ஆம் ஆண்டு அம்பான் புயலின்போது இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். அந்நாட்டில் இறந்தோர் தொகை சில பத்துக்குள் அடங்கிற்று. எம்மிலும் வறிய நாடாகவே நெடுங்காலம் இருந்தது அது. அங்கே இவ்வைம்பதாண்டுகளில் எந்தத் தலைவரின் தொலைநோக்கு இதனைச் சாதித்தது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். எழுபதாயிரம் பேரிடம் ஒலிபெருக்கி இருந்தது என்பதே விடை.

எம்மிடமும் சட்டம் உண்டு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் ஜனாதிபதியின் தலைமையில் தேசிய சபை ஒன்றை நிறுவிற்று. அதன்கீழ் நிலையம் உண்டு; மாவட்டப் பிரிவுகள் உண்டு. அச்சட்டத்தின் இருபதாம் ஆண்டிலே, 2025 நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளி வந்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் மலைநாட்டவர். மலை சரிந்த இடங்களுட் பல சரியக்கூடியவை எனத் தேசப்படங்களில் முன்னரே நிறந்தீட்டப்பட்டவை. அந்தப் படங்கள் எந்த அலுமாரியில் இருந்தன, அவ்வலுமாரியின் திறப்பு எவரிடம் என்று நான் கேட்டால், பெரியவர் மறுபடியும் திறப்புக்கே வந்துவிட்டார் என்று மாணாக்கர் நகைப்பர். நகைக்கட்டும்.

பழங்கதைகள் இவ்விடயத்தில் எம்மிலும் நேர்மையாக இருந்தன. புகாரைக் கடல் கொண்டது, மகனைத் தேடிய சோழன் இந்திரவிழாவை மறந்தமையால் என்கிறது மணிமேகலை. களனியைக் கடல் சூழ்ந்தது, மன்னன் குற்றமற்ற துறவியைக் கொன்றமையால் என்கிறது மகாவம்சம். காரணகாரிய விளக்கம் என்ற அளவில் இவை பிழையே. ஆயினும் மக்கள் மாண்டால் அரசனே மறுமொழி சொல்லவேண்டும் என்னும் எண்ணம் தமிழ்க் காப்பியத்துக்கும் பாளி வரலாற்றுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. நாமோ அறிவியல் கற்றபின், பேரிடரை இயற்கையின் தலையிலும் மீட்சியைத் தலைவரின் தலையிலும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம்.

எனவே தலைமைத்துவத்தைப்பற்றி மாணாக்கருக்குக் கற்பிக்க விரும்புவோரிடம் நான் கேட்பது இதுவே. துணிவு, தொலைநோக்கு என்பவற்றைத் திரையிற் காட்டுவதற்கு முன்னர், தத்தம் பிரதேசத்தின் ஒரு கிராம அலுவலர் பிரிவைத் தெரிந்தெடுத்து அங்கே சென்று வாருங்கள். அங்கே எந்தக் கட்டடம் வலுவானது, யார் நடக்கமாட்டாதவர், எவருடைய கொப்பியில் எவருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்து வாருங்கள். அக்கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

கருத்தரங்கு முடிந்த மறுநாள், எமது வளாகத்தில் ஆற்றங்கரையை அடுத்துள்ள மாணவியர் விடுதிக்குச் சென்றிருந்தேன். அதன் பின்புறத்தே மேட்டுப்பக்கம் திறக்கும் இரும்புக் கதவொன்று உண்டு. வெள்ளம் ஏறினால் வெளியேறுவதற்கு அதுவே வழி. அதிலே துருப்பிடித்த பெரிய பூட்டொன்று தொங்கிற்று. திறப்பு யாரிடம் என்று வினவினேன். காவலாளர் விடுதி மேற்பார்வையாளரிடம் என்றார். மேற்பார்வையாளர் பராமரிப்புப் பகுதியில் என்றார். பராமரிப்புப் பகுதியிலிருந்தவர், “சேர், அது பழைய பூட்டு. அதுக்குத் திறப்பு இருக்கோ தெரியாது. எழுதித் தாங்கோ, பாப்பம்” என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.